இதுவரை சைவம், இனி எண்ணெய் குறைவாக, எளிமையாகக் கறி சமைக்கப் பழக வேண்டும். எதில் தொடங்கலாம்?

புதுச்சட்டி:

வணக்கம். இதுவரை வீட்டில் சைவச் சமையல் மட்டும்தான். வைட்டமின் பி12, இரும்புச்சத்து இரண்டும் குறைவாக இருப்பதால் கோழி, மீன், ஆட்டுக்கறி மூன்றையும் உணவில் சேர்க்க முடிவு செய்திருக்கிறேன். பருப்பும் காயும் நன்றாகவே சமைப்பேன். பச்சைக் கறி விஷயத்தில் அரிச்சுவடியே தெரியாது.

கைவசம் இருப்பவை: கேஸ் அடுப்பு, அடிகனமான ஸ்டீல் பான் ஒன்று, 3 லிட்டர் குக்கர், ஃப்ரிட்ஜ். ஓவன் கிடையாது.

முதலில் எந்தக் கறியை, எந்தப் பகுதியை வாங்குவது? கழுவ வேண்டுமா? வெந்துவிட்டது என்று எதை வைத்து உறுதி செய்வது? பார்க்கிற செய்முறைகளில் பாதி எண்ணெயில் பொரிப்பவை, மீதியில் மசாலா மட்டுமே பதினைந்து வகை. ஐந்தாறு பொருளில் முடிகிற மாதிரி சொன்னால் நல்லது. கவிச்சி வாடையும் இன்னும் பழகவில்லை. அதற்கு என்ன வழி?

மிதமான தீ:

எலும்பில்லாத, தோல் உரித்த கோழித் தொடைக்கறி 500 கிராம் வாங்குங்கள். ஆரோக்கியம் என்றாலே நெஞ்சுக்கறி என்று பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். தொடக்கக்காரருக்கு அதுதான் கைகொடுக்காத பகுதி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்ட தசைநார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். இரண்டு நிமிடம் கூடினால் போதும், வாயில் சக்கையாக உருளும். தொடைக்கறி அப்படியில்லை. அதிலுள்ள கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் சூட்டில் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறுவதால், கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் மென்மை போகாது. பயத்தில் கூடுதலாக வேகவைப்பதுதான் புதிதாகச் சமைப்பவர்கள் எல்லாருக்கும் நேர்வது. அந்தப் பயத்தைப் பொறுத்துக்கொள்ளும் கறியாகப் பார்த்து எடுப்பதே சரி.

கறியோடு சேர்த்து ஒரு டிஜிட்டல் கறி வெப்பமானியும் வாங்கிவிடுங்கள். நிறம், சாறு, கத்தியால் கீறிப் பார்ப்பது இவற்றையெல்லாம் நம்பி இறங்க வேண்டாம். முனையைக் கறியின் தடித்த இடத்தில் பக்கவாட்டாகக் குத்துங்கள். எலும்பிலோ சட்டியிலோ பட்டால் தப்பான எண் காட்டும். எந்தக் கோழிக்கறியானாலும் 74 டிகிரி வந்தாக வேண்டும். தொடைக்கறியை 80 வரை தாராளமாக விடலாம்.

உப்பு: 500 கிராம் கறிக்கு 6 கிராம், அதாவது தூள் உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி. சமைக்கும் நேரத்தில் போடாமல் முந்தைய இரவோ, குறைந்தது முக்கால் மணி நேரம் முன்போ தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் கரைந்து மறுபடி உள்ளே போகும். அதன்பிறகு வேகும்போது கறி அவ்வளவாகத் தண்ணீர் விடாது. உப்புப் போட்டு 10 நிமிடத்தில் சட்டியில் போடுவதுதான் மோசமான நேரம்: மேலெல்லாம் ஈரம், உள்ளே உப்பில்லை.

செய்முறை இது. கறியைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் அது ஆவியாகி முடியும்வரை கறி 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் சிவக்காது. அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் தடவுங்கள். பானை மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு, 2 தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுற்றிவிட்டு, துண்டுகளை விரித்தபடி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகச் செய்யுங்கள். நெருக்கினால் கறி விடுகிற நீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். முதல் பக்கம் 6 நிமிடம், கிளறவே கூடாது. திருப்பிப் போட்டு 5 நிமிடம். அளந்து பார்த்துத் தட்டில் எடுத்து வையுங்கள்.

பானின் அடியில் பழுப்பாகப் படிந்திருப்பதுதான் ருசி. அதைக் கழுவிவிடாதீர்கள். அதே பானில் நறுக்கிய வெங்காயம், கேரட், குடைமிளகாய் எல்லாம் சேர்த்து 300 கிராம், நசுக்கிய பூண்டு நாலு பல், 4 மேசைக்கரண்டி தண்ணீர். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே 4 நிமிடம் வதக்கி, கறியையும் தட்டில் ஊறி நிற்கிற சாற்றையும் திரும்பச் சேர்த்து, அரை எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். மூன்று பேருக்கு வரும். ஆளுக்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

இது கைவந்தபிறகு நெஞ்சுக்கறிக்குப் போங்கள். அதைப் பானில் வாட்டுவதைவிடத் தண்ணீரில் மெதுவாக வேகவைப்பது எளிது. 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 10 கிராம் உப்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பத்து மிளகு, முழு நெஞ்சுத் துண்டு இரண்டு. மிதமான தீயில் சூடேற்றி, ஓரத்தில் சின்னக் குமிழ் எழும்போது தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கவே விடாதீர்கள். கொதித்தால் வெளிப்பக்கம் இறுகி நார்நாராகிவிடும். 10 நிமிடத்திலிருந்து அளந்து பாருங்கள், 74 வந்ததும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே நறுக்கினால் இன்னும் மென்மையாக இருக்கும். அந்தத் தண்ணீரில் காய் போட்டால் சூப். சொட்டு எண்ணெய் இல்லை.

கறிப்பலகை:

கழுவுற விஷயத்துக்கு வர்றேன். கோழியைக் குழாயடியில கழுவாதீங்க. கோழிக்கறியில சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. தண்ணி வேகமா விழுந்தா தெறிச்சு சிங்க், மேடை, பக்கத்துல இருக்கற கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் போகும். கழுவறதால கிருமி சாகறதில்ல. 74 டிகிரி சூட்டுலதான் சாகும். எலும்புத் தூளோ ரத்தக் கட்டியோ ஒட்டியிருந்தா, ஒரு பாத்திரத்துல தண்ணி எடுத்துக் கறியை முக்கி அலசி எடுங்க. அந்தத் தண்ணியை மெதுவா சாய்ச்சு ஊத்திட்டு, சிங்க்கை சோப்புப் போட்டுத் தேய்ச்சிடுங்க.

சைவச் சமையல்ல பழகினவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: ஒரே கத்தி, ஒரே பலகை, காய் மாத்தி காய் நறுக்கறது. இங்க அது ஆகாது. வரிசையை மாத்துங்க. பச்சையா சாப்பிடற வெள்ளரி, தக்காளி முதல்ல, வேகவைக்கிற காய் அடுத்து, கறி கடைசில. இப்படிச் செஞ்சா ஒரு பலகை இருந்தாலும் சமாளிக்கலாம். கறியைத் தொட்ட கையால உப்பு டப்பாவைத் தொடாதீங்க. தேவையான உப்பு மிளகை முன்னாடியே சின்னக் கிண்ணத்துல எடுத்து வச்சுக்கங்க. கையை சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்க. பச்சைக் கறி வச்ச தட்டுல வெந்த கறியைத் திரும்ப வைக்கக் கூடாது. நிறையப் பேர் கோட்டை விடற இடம் இதுதான்.

வாங்கிட்டு வந்த கோழி, மீன், கைமா எதுவா இருந்தாலும் ஃப்ரிட்ஜ்ல 1–2 நாள்தான். மூடி போட்ட டப்பாவுல, ஆகக் கீழ்த் தட்டுல வைங்க, ஒழுகினா வேற எது மேலயும் சொட்டாது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்தா மேடையில வச்சு உருக விடாதீங்க. முந்தின ராத்திரியே கீழ ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க. அவசரம்னா தண்ணி புகாத பையில போட்டுக் குளிர்ந்த தண்ணில முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க. சமைச்சது வெளிய 2 மணி நேரம் இருக்கலாம், 32 டிகிரிக்கு மேல வெயில்னா 1 மணி நேரம்தான். ஃப்ரிட்ஜ்ல 3–4 நாள். திரும்பச் சூடு பண்ணும்போதும் 74 வரணும்.

கடல்நண்டு:

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் கேள்வி கேட்டவரின் தேவை பி12. கோழி அதற்கு அவ்வளவாக உதவாது. 100 கிராம் நெஞ்சுக்கறியில் பி12 சுமார் 0.3 மைக்ரோகிராம்தான், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 2.4. மத்தி மீன் 100 கிராமில் அந்த ஒரு நாள் தேவையைப்போல் மூன்று மடங்குக்கு மேலேயே கிடைக்கும். ஆட்டுக்கறியிலும் கோழியைவிட அதிகம். ஆகவே கோழியில் கை பழகுங்கள், சத்துக்கு மீனையும் ஆட்டுக்கறியையும் முட்டையையும் நம்புங்கள். குறைபாடு என்று பரிசோதனையில் உறுதியாகியிருந்தால், மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கறி சாப்பிடுகிறோம் என்று நிறுத்த வேண்டாம்.

கவிச்சி பற்றி. புதுக் கடல்மீனில் நாற்றம் இருக்காது, கடல்காற்று மாதிரி ஒரு மெல்லிய வாசம் மட்டும் வரும். வைக்க வைக்கத்தான் மீனில் ட்ரைமெத்திலமைன் என்ற பொருள் உருவாகி வாடை ஏறுகிறது. வாங்கும்போதே கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, செவுள் நல்ல சிவப்பா, விரலால் அழுத்திய குழி உடனே எழும்புகிறதா என்று பாருங்கள். அந்தப் பொருள் காரத்தன்மை உள்ளது. அதனால்தான் எலுமிச்சை, வினிகர், புளி எதுவானாலும் வாடையை அமுக்குகிறது. ஆனால் எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்காக ஊறவைத்தால் மேல்சதை வெளுத்துப் பொடிபொடியாகும். 10 நிமிடம் போதும். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வையும், முள்ளை ஒட்டிய ரத்தக்கோட்டையும் சுரண்டி எடுத்தாலே பாதி வாடை போய்விடும். இதைச் செய்யாமல் மசாலாவைக் கூட்டுவதில் பயனில்லை.

பழக்கமில்லாதவருக்கு முள் குறைந்த வெள்ளைச் சதை மீன் நல்லது. 1.5 சென்டிமீட்டர் தடிப்பில் துண்டு போட்டு 300 கிராம். அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகு தடவி 10 நிமிடம் வையுங்கள். பானில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதன்மேல் வட்டமாக நறுக்கிய தக்காளி இரண்டு, வெங்காயம் ஒன்று என்று படுக்கை மாதிரி பரப்பி, கால் தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் மீனை அடுக்கி மூடுங்கள். மீன் அடியைத் தொடாததால் ஒட்டுவதும் உடைவதும் இல்லை. 6 நிமிடத்தில் திறந்து பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்த சதை பால்நிறமாகி, கரண்டி நுனியால் தள்ளினால் மடல் மடலாகப் பிரிய வேண்டும். அளந்தால் 63 டிகிரி. 2.5 சென்டிமீட்டர் தடிப்பான மீனுக்கு மொத்தம் 10 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் எந்த மீனுக்கும் ஏறத்தாழ சரியாக வரும்.

ஒரு எச்சரிக்கை. அயிலை, மத்தி, சூரை போன்ற கருஞ்சதை மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். பனிக்கட்டியில் வைத்து விற்கும் மீனை மட்டும் வாங்கி, நேரே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம்; கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சின்ன மீன்களில் அந்தக் கவலை குறைவு.

புதுச்சட்டி:

மிக்க நன்றி. கோழியில் பி12 இவ்வளவு குறைவு என்பது தெரியாது. ஆட்டுக்கறிக்குக் குக்கரில் எத்தனை விசில்? ஒருவர் 3 என்கிறார், இன்னொருவர் 8 என்கிறார். கொழுப்பைக் குறைக்கவும் வழி சொல்லுங்கள். இத்தனை நாள் கறியே சாப்பிடாத வயிற்றுக்கு இது செரிக்குமா என்ற தயக்கமும் இருக்கிறது.

நிதானம்:

விசிலை எண்ணாதீர்கள். குக்கரின் அளவு, தண்ணீர், தீ ஆகியவற்றைப் பொறுத்து ஒரு விசிலுக்கான நேரம் மாறும். 3-ம் 8-ம் இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். எலும்போடு கூடிய முன்னந்தொடைக்கறி, 4 சென்டிமீட்டர் துண்டுகள், 500 கிராம்: இளம் ஆடு என்றால் 15 நிமிடம், முற்றியது என்றால் 25. ஒரு தேக்கரண்டி உப்பு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, வெங்காயம் ஒன்று, தண்ணீர் ஒரு கப். அவ்வளவுதான். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கிவிட்டால் உள்ளே குழம்பு பொங்கிக் கொதித்து, கறியின் ஈரமும் ஆவியோடு போய்விடும். திறந்து பார்த்து ரப்பர் மாதிரி இருந்தால் அது வேகாதது, அதிகம் வெந்தது அல்ல. கொலாஜன் இன்னும் கரையவில்லை என்று பொருள். மறுபடி மூடி 8 நிமிடம் வையுங்கள். கோழி நெஞ்சுக்கறியில் நடப்பதற்கு இது நேர்மாறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் எந்தப் பகுதியையும் சமைக்கலாம்: அதிகம் நடந்து உழைத்த தசைக்கு நேரம் கொடுங்கள், உழைக்காத தசையைச் சீக்கிரம் இறக்குங்கள்.

கொழுப்புக்கு: கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பைப் பச்சையிலேயே கத்தியால் எடுத்துவிடுங்கள். ஆட்டுக்கறியின் தனி வாடை பெரும்பாலும் அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது; அதனால் உங்கள் இரண்டு கவலையும் ஒன்றாகத் தீரும். மிச்சத்துக்கு, முதல் நாளே சமைத்துவிட்டு, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் குழம்பின் மேல் வெள்ளைத் தட்டாகக் கொழுப்பு உறைந்திருக்கும். கரண்டியால் அப்படியே தூக்கி எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். ருசியும் மறுநாள் கூடித்தான் இருக்கும்.

கைமா உங்களுக்குப் பொருத்தமானது. கைமா 250 கிராம், வேகவைத்த பயறோ கொண்டைக்கடலையோ 250 கிராம் என்று கலந்து செய்தால் கறியின் அளவு பாதியாகும், நார்ச்சத்து இருக்கும், பழகிய வாசமும் கூட வரும். எண்ணெய் வேண்டாம். காய்ந்த பானில் கைமாவைப் பரப்பி 3 நிமிடம் தொடாமல் விடுங்கள். தண்ணீர் விட்டு, அது வற்றி, சடசடவென்று சத்தம் மாறும்போதுதான் கிளற வேண்டும். சத்தம் மாறுவதற்கு முன் மசாலா போட்டால் அவித்த மாதிரிதான் இருக்கும். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான். அரைக்கும்போது அது உள்ளெல்லாம் கலந்துவிடும். ஆகவே ஆட்டுக் கைமா 71 டிகிரி, கோழிக் கைமா 74. இளஞ்சிவப்பாக இறக்கக் கூடாது.

அளவு: ஆடு, மாடு, பன்றி ஆகிய சிவப்பு இறைச்சி எல்லாம் சேர்த்து வாரத்துக்குச் சமைத்த எடையில் 350–500 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்தியவற்றை எளிது என்று வாங்க வேண்டாம். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. ஈரலில் பி12-ம் இரும்பும் ஏராளம், ஆனால் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

செரிமானம்: கறியைச் செரிக்கும் நொதிகள் சைவரிடம் இல்லாமல் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. பருப்பின் புரதத்தை உடைக்கிற அதே பெப்சினும் டிரிப்சினும்தான் கறியையும் உடைக்கின்றன. மந்தம் வருவது பெரும்பாலும் அதிக எண்ணெயாலும், ஒரே தட்டில் 200 கிராம் சாப்பிடுவதாலும். 50–75 கிராமில் தொடங்குங்கள். கறி வந்ததும் காயைக் குறைத்துவிட்டால் மலச்சிக்கல் வரும், எனவே தட்டில் பாதி காய்தான் இருக்க வேண்டும். இறால், நண்டு, மீன் ஒவ்வொன்றையும் முதல்முறை தனித்தனி நாளில், சிறிதளவு சாப்பிட்டுப் பாருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதுச்சட்டி:

தெளிவாகிவிட்டது. கடைசியாக இரண்டு சந்தேகம். ஸ்டீல் பானில் கோழி ஒட்டிக்கொண்டு சதை பிய்ந்து வருகிறது. தீ கூடவா, எண்ணெய் குறைவா? எலும்போடு சமைத்தால் 80 டிகிரி காட்டியும் எலும்பருகில் சிவப்பாக இருக்கிறதே, அதைச் சாப்பிடலாமா?

மிதமான தீ:

ஒட்டுவதற்கு எண்ணெய் காரணமில்லை. பச்சைக் கறியின் புரதம் சூடான ஸ்டீலில் முதலில் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்; மேல் சிவந்து ஓடு கட்டியதும் தானே விட்டுவிடும். இடுக்கியால் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். வரவில்லை என்றால் நேரம் ஆகவில்லை, இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பான் காயும் முன் கறியை வைக்கக் கூடாது. சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவி ஆவியாகாமல் முத்துப்போல் உருண்டு ஓட வேண்டும். அப்போது எண்ணெய் ஊற்றுங்கள். இன்னொன்று, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஈரத்தோடு போடக் கூடாது. இஞ்சி பூண்டு விழுது தடவி ஊறவைத்திருந்தால் சட்டியில் போடுமுன் விரலால் வழித்துவிடுங்கள். அது கறி சிவக்கும் முன் கருகிக் கசக்கும், ஒட்டவும் செய்யும். கருகிய பகுதியை நறுக்கி எறிந்துவிடுங்கள், உடம்புக்கும் நல்லதல்ல.

எலும்பருகே சிவப்பு என்பது இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம். உறைய வைத்து எடுத்த கோழியில் இன்னும் தெளிவாகத் தெரியும். எலும்பை ஒட்டி, ஆனால் எலும்பில் படாமல், இரண்டு மூன்று இடத்தில் அளந்து எல்லாமே 74-ஐத் தாண்டியிருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஓர் இடத்தில் குறைந்தாலும், பானில் கால் தம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, 4 நிமிடம் ஆவியில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.